விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி தயிர்

தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். நான், என் வீட்டுக்காரர், மருமகள் சுகன்யா. அடுப்பங்கரை மேடையில் அந்த வெள்ளைப் பெட்டி. அதற்குள் பழைய போர்வைத் துண்டில் சுற்றிய எவர்சில்வர் பாத்திரம். மார்கழி மாதத்துக் காலை. ஜன்னல் வழியாகக் கடல் காற்று சில்லென்று வந்துகொண்டிருந்தது.

பாத்திரத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். தயிர் அசையவில்லை. கத்தி போட்டு வெட்டலாம் போல அப்படியே நின்றது.

"பாத்தியாமே, நான் சொன்னேன்ல," என்றார் என் வீட்டுக்காரர். பெட்டி யோசனை அவருடையது. "ஐஸ உருகாம வக்கிற பொட்டி, சூட்ட ஆறாமலும் வக்கும். உள்ள கீறது ஐஸா பாலான்னு பொட்டிக்கு இன்னா தெரியும்?"

அவர் விசைப்படகில் டிரைவர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போனால் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். வீட்டில் இருக்கும் நாட்களில் எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை சொல்வார். பாதி யோசனை வேலைக்கு ஆகாது. இது பலித்துவிட்டதில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு சுகன்யாவிடம் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். முகம் மாறியது. கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

நான் முகர்ந்து பார்த்தேன். பிறகு அவர் முகர்ந்து பார்த்தார்.

"வஞ்சிரம்," என்றார் மெதுவாக. "போன வாரம் வச்சது."

எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மீன் வைத்த பெட்டி மீன் பெட்டிதான். அது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. எங்கள் மூக்குக்கு அந்தப் பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றையே சுவாசிக்கிற மூக்கை நம்பி ஒரு மாசமான பெண்ணுக்குத் தயிர் போட்டிருக்கிறோம்.

தயிர் இல்லாத வீடு

ராயபுரத்துக்காரி ஒருத்திக்குத் தயிர் போடத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. எங்கள் வீட்டில் தயிருக்கு வேலையே இருந்ததில்லை.

மீன் குழம்பு சாப்பிட்ட தட்டில் மோர் ஊற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மீனும் தயிரும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் உடம்பில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் விழும் என்பார்கள். யாருக்கு விழுந்தது என்று நான் பார்த்ததில்லை. ஆனால் பரீட்சித்துப் பார்க்கிற தைரியமும் எனக்கு வந்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் மீன். மிச்சமிருக்கும் ஒரு நாளுக்கு, வெயில் காலத்தில், கடையில் ஒரு பாக்கெட் தயிர். அத்தோடு சரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற வேலை பார்த்தேன். ஆள் உயரப் பாளம் பாளமாகத் தண்ணீரை உறைய வைக்கிற இடத்தில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு அரை லிட்டர் பாலை உறைய வைக்க வரவில்லை. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கார்த்தி என் வயிற்றில் இருந்தபோது எனக்கு வேறு விதமான பைத்தியம் பிடித்திருந்தது. நெத்திலிக் கருவாட்டைத் தணலில் கருகச் சுட்டு, அந்த வாசனையை முகர்ந்துகொண்டே வெறும் சோறு தின்பேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம், நான் கேட்டேன் என்பதற்காக, படகின் கூரையிலேயே நெத்திலியைக் காயப்போட்டுக் கொண்டுவருவார். அந்த நினைப்பு இருந்ததால்தான் சுகன்யாவின் பாடு எனக்கு நன்றாகப் புரிந்தது. மசக்கைக்காரி நாக்கு கேட்பதை யாராவது கொண்டுவந்து தர வேண்டும். எனக்குக் கொண்டுவந்து தர ஆள் இருந்தது.

மாதவரத்துப் பெண்

என் மகன் கார்த்திக்கு மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அந்த ஆபீசுக்குக் கணக்குப் பார்க்க வந்தவள் சுகன்யா. மாதவரம் பால் காலனி பக்கம் வீடு. அப்பா இல்லை. அம்மா சரோஜா எருமை வைத்துப் பால் கறந்து ஊற்றி அவளைப் படிக்க வைத்தவர். சுத்த சைவம்.

இப்படிப்பட்ட வீட்டுப் பெண், மீன்காரன் வீட்டுப் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. "எனக்கு இருந்த ஒரே பொண்ணும் போயிட்டா," என்று போனில் சொல்லிவிட்டு வைத்தவர்தான் சரோஜா அம்மா. அதன் பிறகு சுகன்யா எப்போது கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மொட்டை மாடிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்ப்பாள். இறங்கி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

எனக்கு மகள் இல்லை. அது ஒரு குறை என்று நான் நினைத்ததே இல்லை. இவள் வந்து, என் தலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துவிட்ட அன்றைக்குத்தான் அந்தக் குறை எனக்கு இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

வந்த புதிதில் மீன் வாசனைக்கு மூக்கைச் சுளித்தாலும், "பழகிடும் அத்தை," என்று சிரிப்பாள். பழகியும் விட்டது. மாசமானதும் எல்லாம் தலைகீழாகிப் போயிற்று. நான் வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தினேன். அப்பனும் மகனும் என் தங்கை வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுப்பில் மீன் குழம்பை நிறுத்தலாம். காசிமேட்டுக் காற்றை நிறுத்த முடியுமா? மணலிப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்றான் கார்த்தி. அங்கே போனால் கம்பெனிப் புகை, வேறு நாற்றம்.

வாந்தி மூன்றாம் மாதத்தோடு நிற்கும் என்றார்கள். ஐந்தாம் மாதமும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார்.

"எடை ஏறணும், இவங்களுக்கு இறங்கிட்டே போகுது. குழந்தையும் போதுமான அளவு வளரல. அடுத்த தடவையும் இப்படியே வந்தா அட்மிட் பண்ணிடுவேன். என்ன குடுப்பீங்களோ தெரியாது, ஏதாவது ஒண்ணு இவங்க வயித்துல தங்கணும்."

அந்த ஒன்று என்ன என்பதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். இட்லி தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை. தயிர் சாதம் என்றபோது மட்டும் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பாக்கெட் தயிரை வாங்கிப் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள், புளிக்கிறது என்று வைத்துவிட்டாள். சரி, வீட்டிலேயே போட்டால் போச்சு என்று இறங்கினேன். கொதிக்கிற பாலில் உறையை ஊற்றித் திரித்தேன். ஆறின பாலில் ஊற்றினேன், மறுநாளும் பாலாகவே இருந்தது. மார்கழிக் குளிருக்குப் பச்சை மிளகாய்க் காம்பு போடு என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். போட்டேன், காம்பு மிதந்ததுதான் மிச்சம். கடைசியில்தான் அந்த ஐஸ் பெட்டி.

அன்று மத்தியானம் சுகன்யா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அரைத் தூக்கத்தில் என்னவோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன்.

"ஆடையோட போடும்மா."

என்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். ஆடைத் தயிர் கேட்டது அவள் அம்மாவிடம். எழுந்து முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டேன்.

"எங்கமே கெளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"மாதவரம்."

"அந்தம்மா கதவ சாத்திடுச்சின்னா?"

"சாத்துனா திரும்பி வர்றேன். நடந்தா போவப் போறேன், பஸ்ஸுதானே."

மூலக்கடை தாண்டி

கிளம்பும்போது வெயில் நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்துச் சாலையில் வெயிலை வைத்து நேரம் சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டால், முன்னால் இருக்கிற லாரியின் பின்கதவைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான் சைனாக்காரன் எழுத்தெல்லாம் படித்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் மரியாதையாக ஆரம்பிக்க வேண்டும். கோபப்பட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது லேசில் வராது, ஆனாலும் மூடிக்கொள்ள வேண்டும். மூலக்கடை தாண்டும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது.

சுகன்யா ஒரு தடவை பஸ்ஸிலிருந்து காட்டிய சந்துதான் எனக்கு அடையாளம். விசாரித்துக்கொண்டு போனேன். வைக்கோலும் சாணமும் கலந்த வாசனை வந்தது. எனக்கு அது குமட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுகன்யா எங்கள் வீட்டில் என்ன பட்டிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஷீட் போட்ட கொட்டகையில் எருமைகள். ஒட்டினாற்போல் சின்ன வீடு. வாசல் மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. ஒல்லியான ஒரு பெண்மணி வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். சுகன்யாவின் நெற்றி, சுகன்யாவின் மூக்கு.

"யாரு வேணும்?"

"ராயபுரத்துலேர்ந்து வர்றேன். கார்த்தியோட அம்மா."

அவர் வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"கொஞ்சம் ஒற மோர் வோணும்," என்றேன்.

"ராயபுரத்துலேர்ந்து மாதவரத்துக்கு ஒற மோர் கேட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"உங்க தெருவுல தயிர் விக்கிற கடை இல்லியா?"

"கீது. அத்த வச்சிப் பாத்தாச்சி. அவளுக்குப் புடிக்கல."

அவள் என்றால் யார் என்று அவர் கேட்கவில்லை. மாடத்து அகலைத் திரும்பிப் பார்த்தார்.

"விளக்கு வச்சாச்சு," என்றார். "விளக்கு வச்சப்புறம் பாலு, தயிரு, மோரு, எதுவும் நாங்க வூட்டுக்கு வெளிய குடுக்கறதில்ல."

சாக்கு சொல்கிறார் என்று சண்டை போட முடியாது. எங்கள் தெருவிலும் அதேதான். விளக்கு வைத்த பிறகு உப்பும் மஞ்சளும் அசல் வீட்டுக்குக் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பார்கள். நானே எத்தனையோ பேரைக் காலையில் வா என்று அனுப்பியிருக்கிறேன். ஒரு லாரி வரிசை குறைவாக இருந்திருந்தால் வெளிச்சத்தோடு வந்து சேர்ந்திருப்பேன் என்று ஆத்திரமாக வந்தது.

திரும்பி இரண்டு அடி வைத்தேன். மனசு கேட்கவில்லை. நின்று சொன்னேன்.

"மாசமா கீறா. அஞ்சு மாசம். எதுவும் வயித்துல தங்கல. கொழந்த வளரலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எங்க அம்மாகிட்ட போய் வாங்கிட்டு வாங்கன்னு அவ எங்கிட்ட கேக்கல. தூக்கத்துல ஒளறுனா. ஆடையோட போடும்மான்னா."

எருமை ஒன்று தலையை உதறியது. சரோஜா அம்மா கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதுல போடறீங்க தயிரு?" என்றார் கடைசியில்.

"எவர்சில்வர் ஏனத்துல. குளிருக்கு ஒறையல. அதனால ஐஸ் பொட்டிக்குள்ள வச்சோம்."

"எந்த ஐஸ் பொட்டி?"

"மீனு வக்கிறது."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அந்த முகத்தில் வந்துபோனது.

"மீனு பொட்டில வச்ச தயிரயா எம் பொண்ணுக்குக் குடுத்தீங்க?"

எம் பொண்ணு என்று அவர் சொன்னது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. நான் போவதா நிற்பதா என்று புரியாமல் எருமையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது வேறு புடவை கட்டியிருந்தார். கையில் மூடி போட்ட தூக்குச் சட்டி. பக்கத்து வீட்டைப் பார்த்து, "மாட்ட பாத்துக்க, வந்துர்றேன்," என்று குரல் கொடுத்தார். பிறகு என்னிடம், "அடுத்தவங்க கையில குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லிருக்காங்க. என் தயிர நான் எடுத்துனு போறதுக்கு யாரு இன்னா சொல்றது? நீங்க வழிய காட்டுங்க," என்றார்.

மடியில் வைத்த சட்டி

ஆட்டோ பிடித்தோம். சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் உடம்பைத் தூக்கி, சட்டி குலுங்காமல் பார்த்துக்கொண்டார். தண்டையார்பேட்டை வந்ததும்தான் கேட்டார்.

"மீனு வாசன ரொம்ப வருமா உங்க வூட்ல?"

"வூட்ல இப்ப ஆக்கறதில்ல. தெருவுல வரும்."

"அவளுக்காகவா ஆக்கறதில்ல?"

"பின்ன யாருக்காக?"

அவர் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியதும் முந்தானையால் மூக்கை மூடினார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே எடுத்துவிட்டார்.

கதவைத் திறந்தது சுகன்யாதான். "எங்க அத்தை போனீங்க, சொல்லாம கொள்ளாம," என்று ஆரம்பித்தவள் என் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டாள். சுகன்யா கையை நீட்டிச் சட்டியை வாங்கப் போனாள்.

சரோஜா அம்மா சட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையில குடுக்க மாட்டேன். விளக்கு வச்சாச்சு. அடுப்பங்கர எங்க?"

சுகன்யா கை காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, மகளைத் தாண்டி, எங்கள் வீட்டுக்குள் நடந்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

சரோஜா அம்மா சோற்றைக் குழைய மசித்து, உப்புப் போட்டு, ஆடையோடு தயிரை ஊற்றிப் பிசைந்தார். சுகன்யா அடுப்பங்கரைத் தரையிலேயே அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவர் உருட்டி உருட்டி வாயில் வைத்தார். அவள் சாப்பிட்டாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, அவள் துடைக்கக்கூட இல்லை. அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "மெல்லு."

கிண்ணம் காலியானது. நான் பாத்ரூம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு வைத்தேன். மூன்று பேரும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சுகன்யா அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தாள், கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. சரோஜா அம்மா அவள் வயிற்றின் மேல் கையை வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு மறுபடி வைத்தார். எனக்கு அங்கே வேலை இல்லை என்று வெளியே வந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து நன்றாக அழுதேன்.

பிறகு மகளின் தலையை மெல்லத் தலையணையில் வைத்துவிட்டு, அரை லிட்டர் பாலை அவரே காய்ச்சி ஆற்றினார். விரலை விட்டுப் பார்த்து, என் விரலையும் பிடித்து விட்டுப் பார்க்கச் சொன்னார். சட்டியின் அடியில் மிச்சமிருந்ததில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி, அடுப்பை ஒட்டி மூடி வைத்தார். அதற்குள் மணி ஒன்பது ஆகியிருந்தது. விடிகாலையில் எருமை கறக்க வேண்டும், வேறு கை தொட்டால் உதைக்கும், இருக்க முடியாது என்றார். கார்த்தி வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அவர் ம் என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சட்டிய குடுங்க. கெளம்பறேன்."

நான் கழுவித் துடைத்த சட்டியைக் கையில்தான் வைத்திருந்தேன். கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்தால் கணக்குத் தீர்ந்த மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டேன்.

"விளக்கு வச்சப்புறம் எங்க வூட்லயும் எதுவும் வெளிய குடுக்கறதில்ல," என்றேன். "நாளைக்குப் பகல்ல வந்து எடுத்துனு போங்க, சம்பந்தியம்மா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கார்த்தியின் தோளைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. சுகன்யா அதில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. போய்த் திறந்தேன். சரோஜா அம்மா நின்றிருந்தார். கையில் இன்னொரு தூக்குச் சட்டி இருந்தது.